உட்கார்ந்த கால்சியம், நடமாடும் கால்சியம்

அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு சிங்கப்பூரின் ஹெல்த்ஹப் செயலியில் வந்தபோது நான் எம்ஆர்டி ரயிலில் இருந்தேன். கால்சியம் லிட்டருக்கு 2.05 மில்லிமோல். வழக்கமான அளவு ஏறத்தாழ 2.10 முதல் 2.60 வரை என்பதால், குறைவு என்ற குறி பக்கத்திலேயே இருந்தது. அக்காவும் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வாட்ஸ்அப்பில் கேள்வி வந்தது: "அம்மாவுக்குக் கால்சியம் கம்மியாமே, தேக்கா பக்கம்தான் இருக்கேன், மாத்திரை வாங்கிட்டு வரட்டுமா?"

நான் இன்னும் சில வரி கீழே போய்ப் பார்த்தேன். ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் 26, அதுவும் குறைவு. நிம்மதியாக இருந்தது. "வேண்டாம்க்கா, அம்மாவோட கால்சியம் நல்லாத்தான் இருக்கு" என்று எழுதினேன். அக்காவுக்குக் கோபம் வந்தது. குறைவு என்று கண்ணெதிரே எழுதியிருக்கும்போது நல்லாத்தான் இருக்கு என்றால் யாருக்குத்தான் வராது?

பதினோரு வருஷமாக ஆய்வகத்தில் இரத்தக் குப்பிகளோடு வேலை செய்கிறேன். அக்காவின் கேள்வியை வேறு வேறு குரல்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கான பதில் ஒரே விஷயத்தில் இருக்கிறது: இரத்தத்தில் உள்ள தாதுக்கள் எல்லாம் தனியாக மிதப்பதில்லை. பல தாதுக்கள் புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. அந்தப் பிடி எவ்வளவு இறுக்கம், எப்போது தளரும் என்பது தெரிந்தால்தான் பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணுக்குப் பொருள் புரியும்.

முதலில் அடிப்படை. ரசத்தில் போட்ட உப்பு கரைந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது அல்லவா? அது சோடியம், குளோரைடு என்று பிரிந்து, மின்னூட்டம் கொண்ட துகள்களாக நீரில் சுற்றுகிறது. அப்படிப்பட்ட துகளுக்கு அயனி என்று பெயர். சோடியத்தில் ஒரு நேர்மின், கால்சியத்தில் இரண்டு. இரத்தக் குப்பியை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும், மேலே வெளிர் மஞ்சளாக ஒரு திரவம் நிற்கும். அதுதான் பிளாஸ்மா. அது பார்ப்பதற்குத் தண்ணீர்போல இருந்தாலும் ஒரு லிட்டரில் 70 கிராம் அளவுக்குப் புரதம் கரைந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஆல்புமின் என்ற ஒரே புரதம்.

நம் உடம்பில் மொத்தக் கால்சியம் சுமார் ஒரு கிலோ. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. பிளாஸ்மா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 0.3 கிராம்தான் தேறும், ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகையிலும் எல்லாம் வேலைக்கு வருவதில்லை. ஏறத்தாழ பாதி மட்டுமே தனி அயனியாக நடமாடுகிறது. நாற்பது சதவீதம் புரதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மீதிப் பத்து சதவீதம் பைகார்பனேட், பாஸ்பேட், சிட்ரேட் போன்ற சிறிய துணைகளோடு சேர்ந்து திரிகிறது. நரம்பும் தசையும் இதயமும் கேட்பது அந்த நடமாடும் பாதியைத்தான். ஆனால் வழக்கமான பரிசோதனை மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கிறது. அக்காவுக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதம் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, கால்சியம் ஏன் ஆல்புமினில் போய் உட்கார வேண்டும்? ஆல்புமின் கல்லீரலில் உருவாகும் புரதம். மனித ஆல்புமினில் 585 அமினோ அமிலங்கள் ஒரே சங்கிலியாகக் கோத்து மடிந்திருக்கின்றன. அவற்றில் நூறு அளவுக்கு அஸ்பார்டிக் அமிலமும் குளுட்டாமிக் அமிலமும். இந்த இரண்டும் தங்கள் ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்துவிட்டு எதிர்மின்னோடு நிற்கும் குணம் கொண்டவை. நேர்மின் கொண்ட கால்சியத்துக்கு அவை நாற்காலிகள் மாதிரி. ஆனால் கால்சியத்துக்கு இரண்டு நேர்மின் இருப்பதால் ஒற்றை நாற்காலி பிடிப்பதில்லை. எதிர்மின் இடங்கள் இரண்டு மூன்று அருகருகே அமைந்த மூலை வேண்டும். அப்படிக் கிடைத்தாலும் அங்கே நெடுநேரம் இருப்பதில்லை. உட்காரும், எழும், வேறொன்று வந்து உட்காரும். இது கண நேரமும் நிற்காத போக்குவரத்து. ஒரு ஆல்புமினில் சராசரியாக ஒன்றிரண்டு கால்சியம்தான் ஒரு சமயத்தில் இருக்கும்.

உணவங்காடியில் பகல் பன்னிரண்டரை மணியை நினைத்துப் பாருங்கள். மேசைகள் ஆல்புமின். தட்டோடு சுற்றுபவர்கள் நடமாடும் கால்சியம். மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணினால் உட்கார்ந்தவர்களும் சேர்ந்துதான் வருவார்கள். இப்போது நிர்வாகம் பாதி மேசைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும்? உட்காருபவர்கள் குறைவார்கள். நடப்பவர்கள் கூட்டம் கொஞ்ச நேரம் அதிகமாகத் தெரியும். ஆனால் உடம்பில் நடப்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் காவலர்கள் உண்டு. கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்னால், அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். அவற்றின் செல்களின் மேல் கால்சியத்தை உணரும் ஏற்பி இருக்கிறது. அது தனி அயனியை மட்டுமே உணரும், புரதத்தில் உட்கார்ந்தது அதன் கண்ணில் படாது. நடமாடும் அளவு பழைய இடத்துக்கு வரும்படி எலும்பையும் சிறுநீரகத்தையும் அவை சரிசெய்துவிடும். முடிவில் நடப்பவர்கள் எண்ணிக்கை பழையபடி, உட்கார்ந்தவர்கள் மட்டும் குறைவு. கூட்டிப் பார்த்தால் மொத்தம் குறைந்து தெரியும்.

அம்மாவுக்கு நடந்தது இதுதான். நிமோனியா வந்து மூன்று வாரம் படுக்கையில் இருந்தவர். கடும் அழற்சியின்போது கல்லீரல் ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும், இருப்பதும் இரத்தக் குழாய்களிலிருந்து வெளியே கசியும். ஒரு லிட்டருக்கு 40 கிராம் இருக்கவேண்டிய இடத்தில் 26. மேசைகள் குறைந்துவிட்டன.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 1973இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவிய வழி இது. ஆல்புமின் 40க்கு எவ்வளவு குறைவோ, அந்த ஒவ்வொரு கிராமுக்கும் 0.02 மில்லிமோல் கூட்டிக்கொள்ளவேண்டும். அம்மாவுக்கு 14 கிராம் குறைவு. பதினான்கை 0.02ஆல் பெருக்கினால் 0.28. அதை 2.05உடன் சேர்த்தால் 2.33. நடுவாந்திரமான, நல்ல எண். எம்ஆர்டியில் நின்றபடி நான் மனத்தில் போட்ட கணக்கு இதுதான். சில ஆய்வகங்கள் இதைத் திருத்திய கால்சியம் என்று தனி வரியாகவே அச்சிடுகின்றன.

இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இதை நம்பி முடிவெடுப்பது சரியில்லை. அவர்களுக்கு நடமாடும் கால்சியத்தையே நேரடியாக அளக்கவேண்டும். அதற்கென்று மின்முனை பொருத்திய கருவி இருக்கிறது, வழக்கமான அளவு 1.1 முதல் 1.3 வரை. அந்த இரத்தத்தைக் காற்றுப்படாமல் கொண்டுவரச் சொல்வோம். ஏன் காற்று? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

உணவங்காடியில் மேசை காலியாக இருக்கும், ஆனால் மேலே ஒரு டிஷ்யூ பாக்கெட் இருக்கும். யாரோ சோப் பண்ணிவிட்டார்கள், அதாவது இடம் பிடித்து வைத்துவிட்டார்கள், நாம் உட்கார முடியாது. ஆல்புமினில் அந்த டிஷ்யூ பாக்கெட் வைப்பது ஹைட்ரஜன் அயனி. அதுவும் நேர்மின் கொண்டது. இரத்தத்தில் அமிலத்தன்மை கூடினால் ஹைட்ரஜன் அயனிகள் அதிகமாகி, புரதத்தின் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் எழுந்து நடக்கவேண்டியதுதான். அமிலத்தன்மை குறைந்தால் டிஷ்யூ பாக்கெட்டுகள் மறையும், கால்சியம் போய் உட்கார்ந்துகொள்ளும். மொத்தக் கால்சியம் ஒரு துளியும் மாறாது, நடமாடுவது மட்டும் ஏறும் அல்லது இறங்கும். இரத்தத்தின் பிஎச், அதாவது அமிலம் குறையக் குறைய ஏறும் எண், 0.1 ஏறினால் நடமாடும் கால்சியம் சுமார் 0.05 மில்லிமோல் குறையும். குப்பியின் மூடி திறந்திருந்தால் கரியமில வாயு பறந்துவிடும், அமிலம் குறையும், கால்சியம் உட்கார்ந்துவிடும். நாங்கள் அளப்பது நோயாளியின் இரத்தமாக இருக்காது, காற்றில் மாறிப்போன இரத்தமாக இருக்கும்.

இதே விஷயம் உயிரோடு இருக்கும் உடம்பிலும் நடக்கும். போன வருஷம் எதிர்வீட்டுப் பெண், ஓ நிலைத் தேர்வுக்கு முந்தின இரவு, பயத்தில் வேகவேகமாக மூச்சுவிட ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் உதடு மரத்துவிட்டது, விரல்கள் உள்ளே மடங்கி இழுத்துக்கொண்டன. அவள் அம்மா பக்கவாதமோ என்று பயந்து எங்கள் கதவைத் தட்டினார். உண்மையில் மூச்சோடு கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிட்டது, இரத்தம் அமிலம் குறைந்து காரப் பக்கம் சாய்ந்துவிட்டது, கால்சியம் ஆல்புமினில் உட்கார்ந்துவிட்டது. நடமாடும் கால்சியம் குறைந்தால் நரம்புகள் சும்மா இருக்காமல் தாமாகச் சுண்ட ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சை விடச் சொன்னதும் கொஞ்ச நேரத்தில் விரல்கள் நிமிர்ந்தன. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: இப்படி முதன்முறை வந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் மரத்தால், வீட்டிலேயே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடமாடும் கால்சியம்தான் வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்தது? அதற்குத் தவளைகளுக்கு நன்றி சொல்லவேண்டும். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளை இதயத்தை வெளியே எடுத்து உப்பு நீரில் துடிக்கவைத்துப் பார்த்தார். முதலில் நன்றாகத் துடித்தது. பிறகுதான் அந்த உப்புக் கரைசல் குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டது என்பது தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் செய்தபோது இதயம் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வேறுபாடு என்று 1883இல் எழுதினார். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, 1934இல், சிகாகோவில் மெக்லீன், ஹேஸ்டிங்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே தவளை இதயத்தை அளவுகோலாகவே ஆக்கிவிட்டார்கள். துடிப்பின் பலத்தைத் தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டு, இரத்தத்தில் தனி அயனியாக உள்ள கால்சியம் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். புரதத்தில் ஒட்டியிருந்த கால்சியத்துக்கு இதயம் அசையவில்லை. அப்போது மின்முனை கிடையாது. துடிக்கும் ஒரு சதைத் துண்டே கருவி.

அப்புறம் குப்பிகளின் மூடி நிறம். பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுக்கும்போது ஊதா, நீலம், மஞ்சள் என்று மூடிகள் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். நீலத்தில் சிட்ரேட், ஊதாவில் இடிடிஏ என்ற பொருள். இரண்டும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்பவை, இடிடிஏ மிக இறுக்கமாக. கால்சியம் இல்லாவிட்டால் இரத்தம் உறையாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஒருமுறை, தானே நடந்து வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போனவருக்குக் கால்சியம் 0.4, பொட்டாசியம் 13 என்று இயந்திரம் காட்டியது. அந்த எண்களோடு எந்த மனிதரும் நடக்க முடியாது. ஊதாக் குப்பியிலிருந்த இரத்தம் கொஞ்சம், கால்சியம் அளக்கும் மஞ்சள் குப்பிக்குள் போயிருந்தது. ஊதாக் குப்பியின் இடிடிஏ பொட்டாசிய உப்பாக இருப்பதால் ஒன்று சரிந்து இன்னொன்று ஏறியது. மறுபடி எடுத்துப் பார்த்ததில் இரண்டும் சரியாக இருந்தன.

பிளேட்லெட் தானம் செய்பவர்களுக்கு இது உதட்டிலேயே தெரியும். இயந்திரத்துக்குள் இரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் சேர்க்கிறார்கள், இரத்தம் திரும்பி வரும்போது அதில் கொஞ்சம் உடம்புக்குள்ளும் வரும். அரை மணி நேரம் போனதும் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல எனக்கு இருக்கும். தாதியிடம் சொன்னால் இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பார், மெல்லுவதற்குக் கால்சியம் மாத்திரை கொடுப்பார். சிட்ரேட்டைக் கல்லீரல் சீக்கிரம் எரித்துவிடும், பிடிபட்ட கால்சியம் மறுபடி நடமாடும்.

உறைதல் என்றதும் வேறொரு வகைப் பிடியைச் சொல்லவேண்டும். ஆல்புமினில் கால்சியம் உட்காருவது கிடைத்த நாற்காலியில். இரத்தத்தை உறையவைக்கும் புரோத்ராம்பின் போன்ற புரதங்களிலோ கால்சியத்துக்கென்றே செதுக்கிய இடம் உண்டு. அங்கே சாதாரண குளுட்டாமிக் அமிலத்தில் இன்னும் ஒரு அமிலக் கூட்டம் சேர்க்கப்பட்டு, ஒரே கார்பனில் இரண்டு எதிர்மின் முனைகள் இடுக்கிபோல நிற்கும். அந்தச் சேர்க்கையைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். 1974இல் சுவீடனில் யோஹான் ஸ்டென்ஃப்லோ, மாட்டு இரத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடித்தார். இடுக்கியில் கால்சியம் அமர்ந்ததும் அந்தப் புரதம் வடிவம் மாறி, காயத்தில் இருக்கும் செல்களின் கொழுப்புப் படலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இரத்தம் உறைவதைத் தடுக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்து செய்வது இந்த இடுக்கிகள் உருவாகாமல் தடுப்பது. அதை எடுத்துக்கொள்பவர்களிடம், முருங்கைக்கீரையானாலும் கைலானானாலும் ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்று சாப்பிடாமல் சீராகச் சாப்பிடச் சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது.

எல்லாக் குறைவும் நாற்காலிக் கணக்கு என்று நினைத்துவிடவும் கூடாது. கன்று ஈன்ற மறுநாள் பசு எழ முடியாமல் படுத்துவிடும் நோய் ஒன்று உண்டு, பால் காய்ச்சல் என்பார்கள். திடீரென்று மடியில் பால் ஊறும்போது கால்சியம் இரத்தத்திலிருந்து அவ்வளவு வேகமாக வெளியேறுகிறது. அங்கே நடமாடும் கால்சியமே உண்மையில் தீர்ந்துபோகிறது. இரத்தக் குழாயில் கால்சியக் கரைசல் ஏற்றினால் பல பசுக்கள் சீக்கிரமே எழுந்து நின்றுவிடும்.

கால்சியத்தின் பிடி தளர்வானது. இரும்புக்கு அது சரிப்படாது. மூன்று நேர்மின் கொண்ட இரும்பைப் பிளாஸ்மாவில் தனியாக விட்டால் துருவாகப் படிந்துவிடும், போகும் வழியில் செல்களையும் சிதைக்கும், கிருமிகளுக்கும் தீனியாகும். அதனால் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைக் கையோடு கொண்டுபோகிறது. அதற்கு இரண்டு மடல்கள், மடலுக்கு ஒரு இரும்பு. உள்ளே இரண்டு டைரோசின், ஒரு அஸ்பார்டிக் அமிலம், ஒரு ஹிஸ்டிடின் என்று அமினோ அமிலங்கள் நான்கும் சேர்ந்து பிடிக்கும். கூடவே ஒரு கார்பனேட் அயனியும் வந்து கைகொடுக்கும். அது இல்லாமல் பிடி முழுமை பெறாது. சிப்பிபோல மடல் மூடிக்கொள்ளும். அந்தப் பிணைப்பின் வலிமையைக் குறிக்கும் எண்ணை எழுதினால் ஒன்றுக்குப் பின் சுமார் 20 சுழியங்கள் வரும். ஆல்புமினில் கால்சியத்துக்கு அதே எண் நூறு, ஆயிரம் என்ற அளவில்தான்.

அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததை எப்படி விடுவது? மறுபடியும் அதே டிஷ்யூ பாக்கெட்தான். சிவப்பணு தயாராகும் எலும்பு மஜ்ஜையில், செல் டிரான்ஸ்ஃபெரினை முழுதாக உள்ளே இழுத்து ஒரு சிறிய பைக்குள் வைத்துக்கொள்ளும். அந்தப் பைக்குள் பிஎச் 5.5 வரை இறக்கப்படும். ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக வந்து இடம் பிடித்ததும் கார்பனேட் விலகும், சிப்பி திறக்கும், இரும்பு இறங்கிவிடும். காலியான டிரான்ஸ்ஃபெரின் அப்படியே வெளியே வந்து அடுத்த இரும்பைத் தேடிப் போகும். எந்த ஒரு நேரத்திலும் பிளாஸ்மாவில் இருக்கும் இரும்பு 3 மில்லிகிராம் அளவுதான். ஆனால் ஒரு நாளில் 20 மில்லிகிராமுக்கும் மேல் இந்த வழியாகப் போய்ச் சேர்கிறது. ஒரே வண்டி பலமுறை ஓடுகிறது. பரிசோதனைத் தாளில் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 30 சதவீதம் என்று வந்தால் பயப்படவேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு இடம் காலியாக இருப்பதுதான் இயல்பு.

செம்பின் பிடி இன்னும் கடினமானது. பிளாஸ்மாவில் உள்ள செம்பில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற நீல நிறப் புரதத்தில் இருக்கிறது. கல்லீரல் அதைக் கட்டும்போதே ஆறு செம்பு அணுக்களை உள்ளே வைத்துக் கட்டிவிடும், அவை ஏறி இறங்குவதில்லை. மீதியில் ஒரு பகுதி ஆல்புமினில் போகிறது, சங்கிலியின் தொடக்க நுனியில், மூன்றாவதாக உள்ள ஹிஸ்டிடினைப் பிடித்துக்கொண்டு. நாயின் ஆல்புமினில் அந்த மூன்றாவது இடத்தில் ஹிஸ்டிடின் இல்லை, டைரோசின் இருக்கிறது. அந்த ஒரே எழுத்து மாறியதால் நாயின் ஆல்புமினுக்குச் செம்பின்மேல் நம்முடையதுபோன்ற பிடி இல்லை. துத்தநாகம் பெரும்பாலும் ஆல்புமினில்தான் பயணிக்கிறது. மக்னீசியம் கால்சியத்தைப்போலவே, ஆனால் நடமாடும் பங்கு கொஞ்சம் அதிகம். சோடியமும் பொட்டாசியமும் ஏறக்குறைய முழுவதும் தனியாகவே சுற்றுகின்றன. அதனால்தான் அவற்றுக்குத் திருத்தக் கணக்கு எதுவும் போடுவதில்லை.

அன்று இரவு அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு இதையெல்லாம் சொன்னேன். மாத்திரை வாங்கவில்லை, மருத்துவரும் வேண்டாம் என்றே சொன்னார். அம்மாவுக்கு முட்டையும் மீனும் பருப்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம், முக்கியமாக நுரையீரல் தேறியது. இரத்தத்தில் இருக்கும் ஆல்புமினில் பாதி கழிந்து புதிதாக மாறவே ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்பதால் மாற்றம் தெரிய நாளாகும். இரண்டு மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். ஆல்புமின் 34, கால்சியம் 2.24. அக்கா தானே கைபேசியில் கணக்குப் போட்டு எனக்கு அனுப்பினார்: 2.36. முதல் தடவை வந்த 2.33க்குப் பக்கத்திலேயே நின்றது.